லேப்டாப்பில் கரகர சத்தம்: மதர்போர்டை மாற்றும் முன்

கேள்வி இதுதான்: மூன்று வருடம் ஆன விண்டோஸ் 11 லேப்டாப். பாட்டு, யூடியூப், ஆன்லைன் கிளாஸ், எது ஓடினாலும் நடுநடுவே கரகரவென்று சத்தம். சில சமயம் ஒரு மணி நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் விடாமல் வரும். ஆடியோ டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டாகிவிட்டது. கடையில் காட்டினால், "ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம், சரியாகலைன்னா போர்டுதான்" என்கிறார்கள். செலவு செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் சுத்தமாக ஓடிவிட்டு அப்புறம் கரகரக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போர்டு பழுதானால் பெரும்பாலும் இப்படி ஒளிந்து விளையாடாது. சத்தம் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரியாமல் டிரைவரை மாற்றுவதிலும் ஃபார்மட் அடிப்பதிலும் பலன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஒயர் ஹெட்போன், முடிந்தால் ஒரு யுஎஸ்பி ஹெட்செட், அரை மணி நேரம் போதும்.

பாட்டு உங்கள் காதுக்கு வரும் வழி இது. பிரவுசரோ பிளேயரோ எண்களாக அனுப்புகிறது. விண்டோஸ் எல்லா ஆப்களின் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கிறது. ஆடியோ டிரைவர் (டிரைவர் என்பது ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) அதை போர்டில் உள்ள கோடெக் சிப்புக்கு (பெரும்பாலும் ரியல்டெக்) கொடுக்கிறது. சிப் அந்த எண்களை மின் அலையாக்குகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் அதிர்கிறது. 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் ஹெட்போனைச் செருகினால் கடைசிக் கட்டமான ஸ்பீக்கர் மட்டும் கழன்றுகொள்கிறது. யுஎஸ்பி ஹெட்செட்டில் தனக்கென்று ஒரு சிப் இருப்பதால் ரியல்டெக்கும் சேர்ந்து விலகிவிடுகிறது. ஆகவே ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஸ்பீக்கர், ஜாக் இரண்டிலும் வந்து யுஎஸ்பியில் வராவிட்டால் ரியல்டெக் பக்கம் கோளாறு. மூன்றிலும் வந்தால் ஒலிக்கான பாகங்களை விட்டுவிடலாம், லேப்டாப்பின் வேறு ஏதோ வேலை ஒலியின் நேரத்தைத் திருடுகிறது.

இந்தச் சோதனைக்கு சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். தாளமும் குரலும் சேர்ந்த பாட்டில் சின்னச் சின்ன டக் சத்தங்கள் மறைந்துவிடும். தம்புரா சுருதி ஒன்றை ஃபைலாக இறக்கி, கரகரப்பு வரும் நேரமாகப் பார்த்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். இடைவெளியே இல்லாத ஒலி என்பதால் ஒரு விக்கல் விழுந்தாலும் காதில் குத்தும். நெட்டிலிருந்து ஓட விடாமல் ஃபைலாக வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஸ்பீக்கர் கோளாறு என்றால் அதன் குணமே வேறு. அது நேரத்தைப் பார்த்து வராது, சுருதியைப் பார்த்து வரும். எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்க மாணவரின் லேப்டாப்பில் வலந்தலை அடிகள் எல்லாம் பளிச்சென்று கேட்டன, தொப்பியில் கும்கி விழும்போது மட்டும் 'ஜ்ர்ர்' என்றது. அதே பதிவில் அதே இடத்தில், ஒவ்வொரு முறையும். வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் போய்விடும். ஹெட்போனில் வரவே வராது. இப்படி இருந்தால் டிரைவரைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்பீக்கர் ஓட்டை பக்கத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அடி மூடியில் திருகாணி தளர்ந்திருக்கிறது அல்லது கடைசியாகத் திறந்தவர் ஒன்றைப் போடாமல் விட்டிருக்கிறார், இது நிறைய நடக்கிறது. அழுத்தியும் நிற்காவிட்டால் ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கலாம், ஓரம் பசை விட்டிருக்கலாம், உள்ளே தூசி போயிருக்கலாம். லேத் பட்டறை பக்கம் வைத்துப் பயன்படுத்தும் லேப்டாப்பில் ஸ்பீக்கரின் காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்திருக்கும். இந்த மாதிரி ஸ்பீக்கர்களை ஜோடியாக மாற்றிவிடுவதுதான் வழி. அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால் சரியானது கிடைக்கும்.

ஸ்பீக்கரை மாற்றுமுன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். விஎல்சி பிளேயரில் வால்யூம் 100 சதவீதத்தைத் தாண்டிப் போகும். பிரவுசரில் சத்தத்தை மூன்று மடங்காக்கும் எக்ஸ்டென்ஷன்களும் இருக்கின்றன. எண்களுக்கு ஒரு உச்சம் உண்டு. அதற்கு மேல் பெருக்கினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு, உரக்கப் பேசும் இடமெல்லாம் கரகரக்கும். இது ஹெட்போனிலும் கேட்கும். ஆப்பில் 80, விண்டோஸில் 100 என்று வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாள்கணக்கில் அப்படி அலற விட்டால் நல்ல ஸ்பீக்கரும் கெடும்.

உங்கள் கதையில் சத்தம் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. அதனால் நான் அதிகம் சந்தேகப்படுவது நேரத் திருட்டைத்தான். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் இதைப் பார்ப்பதே இல்லை.

ஒலி ஒரு விநாடிக்கு 48,000 எண்களாகப் போகிறது. விண்டோஸ் அதை ஒவ்வொன்றாக அனுப்பாமல், வழக்கமாக 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை 480 எண்களைச் சேர்த்துத் தள்ளுகிறது. நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டி மாதிரிதான். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை குழாயில் சீராக வரும். மோட்டார் போட வேண்டிய நேரத்தில் கரண்ட் போனால் தொட்டி காலியாகி, குழாய் புர்ர் புர்ர் என்று காற்றைத் துப்பும். அந்தப் புர்ர்தான் நீங்கள் கேட்கும் கரகரப்பு. அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுபட்டு, மறுபடி வேறு இடத்தில் தொடங்குவதால் ஒவ்வொரு அறுப்பும் ஒரு டக். வரிசையாகப் பத்து டக் விழுந்தால் கரகர.

தொட்டியை நிரப்ப விடாமல் செய்வது யார்? சாதாரண ஆப்கள் அநேகமாக இல்லை. ஆடியோ வேலைக்கு விண்டோஸ் முன்னுரிமை கொடுக்கிறது, குரோமில் நாற்பது டேப் திறந்திருந்தாலும் சமாளித்துவிடும். ஆனால் டிரைவர்களுக்கு அதைவிட மேலான உரிமை இருக்கிறது. வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ், பேட்டரி கண்காணிப்பு என்று ஒவ்வொன்றின் டிரைவரும் "ஒரு நிமிஷம், என் வேலையை முடிச்சுக்கிறேன்" என்று பிராசஸரைப் பிடித்துக்கொள்ளலாம். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் மைக்ரோவிநாடிகளில் (ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிவிநாடி) விட்டுவிடும். மோசமானது பல மில்லிவிநாடி உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் தொட்டி காலி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 8 சதவீதம் என்றுதான் காட்டும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதில் முதல் குற்றவாளி என் அனுபவத்தில் வைஃபை. தம்புராவை ஃபைலாக வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். கரகரப்பு வந்துகொண்டிருக்கும்போதே ஏர்பிளேன் மோடைப் போட்டுவிட்டு அந்த ஃபைலை ஓட விடுங்கள். கரகரப்பு ஒரேயடியாக நின்றுபோனால் விடை கிடைத்துவிட்டது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைப் போட்டு, வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்கள். சமீபத்தில் விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் காட்டும் பாகங்களின் பட்டியல்) வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும், பழையதற்குத் திரும்புங்கள். புதிய டிரைவர் எப்போதும் சிறந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஒலி விஷயத்தில் அதை நம்ப வேண்டாம்.

ஏர்பிளேன் மோடிலும் வந்தால் லேட்டன்சிமான் என்ற சின்ன மென்பொருளை இறக்குங்கள். ரெஸ்பிளென்டென்ஸ் என்ற நிறுவனம் தருவது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். சார்ஜரை மாட்டி, பாட்டை ஓட விட்டு, மேலே உள்ள பச்சை முக்கோணத்தை அழுத்திவிட்டு ஒரு கால்மணி நேரம் உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். கரகரப்பு வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும், வராமல் நிறுத்தினால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. பிறகு டிரைவர்ஸ் என்ற தாவலில், அதிக நேரம் எடுத்துக்கொண்டவை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஆயிரம் மைக்ரோவிநாடிக்குள் எல்லாம் அடங்கியிருந்தால் டிரைவர் காரணமல்ல. சில ஆயிரங்களைத் தாண்டி ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதன் பெயரைப் பாருங்கள். என்டிஐஎஸ் என்று தொடங்கினால் நெட்வொர்க். என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ். ஸ்டோர்போர்ட் என்றால் டிஸ்க். ஏசிபிஐ என்றால் மின்சாரமும் பேட்டரியும்.

கடைசியாகச் சொன்னது கொஞ்சம் தந்திரமானது, அதைக் கண்டுபிடிக்க நேரடி வழி இருக்கிறது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று விண்டோஸ் அவ்வப்போது போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டு சிப்பைக் கேட்கும். சில மாடல்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) அந்தப் பதில் வரத் தாமதமாகும். பல விநாடிக்கு ஒரு தடவை, கடிகாரம் வைத்தாற்போல ஒரு டக் கேட்டால் இதைச் சந்தேகிக்கலாம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்பதைத் திறந்து, 'ஏசிபிஐ கம்ப்ளயன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என்பதை டிஸேபிள் செய்யுங்கள். பேட்டரி சதவீதம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். சத்தம் நின்றால் பயாஸ் அப்டேட்தான் மருந்து. சோதனை முடிந்ததும் மறக்காமல் எனேபிள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரும்போது எச்சரிக்கையே வராமல் லேப்டாப் அணைந்துவிடும்.

உங்களுடையது ரைசன் பிராசஸரா என்று எழுதவில்லை. ரைசன் என்றால் பயாஸ் எந்த வருடத்தது என்று பாருங்கள். பிராசஸரோடு சேர்ந்த எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்போடு பேசும்போது சில கம்ப்யூட்டர்கள் ஒரு கணம் திணறுகின்றன என்று ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. எப்போதாவது ஒரு முறை மவுஸும் சத்தமும் சேர்ந்து தடுக்கும். அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில் திருத்தம் சேர்த்தார்கள். எஃப்டிபிஎம்மையே அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளேயே போக முடியாது, அந்த வம்பே வேண்டாம்.

டிரைவர் எதுவுமே தனித்துத் தெரியவில்லை, எல்லாமே கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றால் பிராசஸர் வேகத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், சிபியு என்று போனால் தெரியும். ஒருவர் வீட்டில் சார்ஜர் மாட்டினால் மட்டும் கரகரப்பு, பேட்டரியில் சுத்தம். எர்த் பிரச்சினை என்று பிளக் பாயின்டைக்கூட மாற்றியிருந்தார்கள். பார்த்தால், சார்ஜர் மாட்டிய நொடியே வேகம் 0.39 ஜிகாஹெர்ட்ஸில் போய் நின்றது. ஒரிஜினல் சார்ஜர் போனபின் வாங்கிய டூப்ளிகேட் அது. சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் சில லேப்டாப்கள் தற்காப்பாகப் பிராசஸரைக் கட்டிப்போட்டுவிடும். அந்த வேகத்தில் பாட்டு என்ன, மவுஸே தடுமாறும். அளவான வாட் உள்ள சார்ஜர் வந்ததும் சரியாயிற்று. சூடு ஏறினாலும் இதே கதைதான். ஃபேன் வழியில் தூசி அடைத்து, ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன 'ஒரு மணி நேரம் வராது' என்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது என்பதால், கரகரப்பு தொடங்கும்போது அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், அந்த எண்ணையும் பாருங்கள்.

சரி, யுஎஸ்பி ஹெட்செட்டில் சுத்தம், ரியல்டெக்கில் மட்டும் அழுக்கு என்றால்? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் ஸ்பீக்கரைத் தொட்டால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வரும். அதை ஆஃப் செய்யுங்கள். டால்பி, டிடிஎஸ், நஹிமிக், வேவ்ஸ் என்று லேப்டாப்போடு வரும் அழகுபடுத்தும் மென்பொருள்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, பெரிய அப்டேட்டுக்குப் பிறகு டிரைவரோடு ஒத்துப்போகாமல் இவை செய்யும் சேட்டை அதிகம். அதே பக்கத்தில் ஃபார்மட் என்று இருப்பதை 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 96,000, 192,000 என்று ஏற்றி வைத்தால் தரம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் எந்த வித்தியாசமும் கேட்காது, அதே நேரத்துக்குள் தள்ள வேண்டிய எண்கள் மட்டும் கூடும்.

இதற்கும் மசியாவிட்டால் ரியல்டெக் டிரைவருக்குப் பதில் விண்டோஸ் சொந்தமாக வைத்திருக்கும் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' டிரைவரைப் போட்டுப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரில் தேடு, பட்டியலிலிருந்து எடுக்கிறேன் என்று போனால் அது கிடைக்கும். சில புதிய இன்டெல் மாடல்களில் பட்டியலில் வராது. போட்டபின் சத்தம் கொஞ்சம் மெலிந்து, டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும், கம்பெனி செய்து வைத்த சரிக்கட்டல்கள் போய்விடுவதுதான் காரணம். கரகரப்பும் போயிருந்தால் ரியல்டெக் டிரைவர்தான் தப்பு என்று உறுதி. டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் சுற்றும் மென்பொருள்களை மட்டும் இந்த வேலைக்கு இறக்காதீர்கள். மாடலுக்கு ஒவ்வாத ரியல்டெக் டிரைவரைக் கொண்டுவந்து மைக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

வேறு சில சத்தங்களையும் மக்கள் கரகரப்பு என்றே சொல்கிறார்கள். பாட்டு தொடங்கும் முன் ஒரு டப், நின்று சில விநாடி கழித்து ஒரு டப் என்றால், சும்மா இருக்கும் கோடெக் சிப் மின்சாரம் மிச்சம்பிடிக்கத் தூங்கி எழுகிறது. கெடுதல் இல்லை. பாட்டே ஓடாதபோதும் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இழுத்தால், சார்ஜரைக் கழற்றியதும் நின்றால், அது பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சலும் அதன் மடங்குகளும்தான் கேட்கின்றன. உலோக உடம்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீர் என்றால் சந்தேகமே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருப்பதும் இதே வேலையைச் செய்யும். ஜாக்கில் பின்னை லேசாகத் திருப்பினால் சத்தம் வந்து போனால் உள்ளே பஞ்சு அடைந்திருக்கிறது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி, பின் எதுவும் வேண்டாம். ப்ளூடூத்தில் மட்டும் விட்டு விட்டு வந்தால் வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதுகின்றன. யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரையும், அதைத் தள்ளி வையுங்கள்.

இத்தனையும் செய்தும் குழப்பம் தீரவில்லை என்றால், கடைக்காரர் ஃபார்மட் அடிக்குமுன் ஒரு பென்டிரைவில் உபுண்டுவைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்ற வழியில் திறந்து தம்புராவை ஓட விடுங்கள். உங்கள் விண்டோஸும் அதன் டிரைவர்களும் அப்போது ஆட்டத்திலேயே இல்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுத்தமாக ஓடினால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் பக்கம் தேட வேண்டும். அங்கும் ஸ்பீக்கரிலும் ஜாக்கிலும் அதே கரகரப்பு, யுஎஸ்பியில் மட்டும் இல்லை என்றால்தான் கோடெக் சிப்பையோ அதன் சுற்றையோ சந்தேகிக்க நியாயம் வருகிறது.

அப்படியே வந்தாலும் முழு போர்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சிப் அளவில் வேலை செய்யும் சர்வீஸ்காரர் அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றித் தருவார். அதற்கும் மனமில்லை என்றால் விரல் நீளத்துக்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி ஹெட்போனையோ வெளி ஸ்பீக்கரையோ அதில் மாட்டிக்கொள்ளலாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் கோளாறு வைஃபை டிரைவரிலோ சூட்டிலோ இருந்தால் அந்த சவுண்ட் கார்டும் கரகரக்கும், அதனால் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு வாங்குங்கள். லேட்டன்சிமானில் முதலில் நிற்கும் டிரைவரின் பெயரையும், கரகரப்பு வரும்போது சிபியு வேகம் எவ்வளவு என்பதையும் எழுதினால் அடுத்து என்ன என்று சொல்கிறேன்.